மழை ஒட்டாத கண்ணாடி

உருளைக்கிழங்கை இரண்டாக அரிந்து, ஈரமான பாதியால் வேனின் முன்கண்ணாடியை வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார் கஜேந்திரன். இடது பக்கம் மட்டும். வலது பக்கத்துக்குச் சுருட்டுப் புகையிலை. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. இரண்டும் கலந்துவிடக் கூடாது. தேய்த்து முடித்ததும் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளிக்கிறார். நாலடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மாதிரித்தான் வழிகிறது.

"கெழங்கு பரவால்ல. ஆனா ஒரு மழைக்குத் தாங்காது" என்று வேனிடம் சொல்கிறார்.

ரோட்டு முனையில் ஓட்டோவோடு நிற்கும் சின்னராசா அங்கிருந்தே கத்துகிறான்: "என்ன மச்சான், வேனுக்குக் கறி வைக்கிறியா? உப்பு பாத்தியா?"

"ஒன் வண்டிக்குக் கதவு இருக்கான்னு மொதல்ல பாருடா."

அவருக்கு ஐம்பத்தொரு வயது. ஆள் குள்ளம்; ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிவதற்காக ஒரு தலையணையை மடித்துப் போட்டு உட்காருவார். கையில்லாத ஸ்வெட்டர், காதை மூடும் கம்பளித் தொப்பி. பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரு நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகக்கூடிய வண்டி அவருடையது ஒன்றுதான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கூப்பிட்ட நேரத்துக்கு ஆஸ்பத்திரி. வேனை 'இவ' என்பார். "இவளுக்கு இன்னைக்குச் சளி" என்றால் என்ஜின் இழுக்கவில்லை என்று பொருள். எதிரே ஒன்றும் வராவிட்டாலும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு ஹோர்ன். மனிதர்களிடம் சத்தமாகப் பேசுவார், வேனிடம் மெதுவாக.

பயணத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டியிருக்கும் மாரியம்மன் படத்துக்கு இரண்டு ஊதுபத்தி கொளுத்துவார். ஜன்னல்கள் எல்லாம் ஏற்றியிருக்கும். இங்கே மழையும் காற்றும் இல்லாத நாள் குறைவு. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாலும் பத்தி அணைந்துவிடும். "பத்தி பாதியில அணைஞ்சா வண்டி எடுக்க மாட்டேன். இருவத்திரெண்டு வருசத்துல ஒருவாட்டியும் எடுத்ததில்ல." அவசரமான பயணம் என்றால் பத்தி ஓடும் வண்டிக்குள்ளேயே எரிந்து முடியும். அப்போதும் ஜன்னல் இறங்காது.

ஐப்பசியில் ஒரு நாள், பின்னேரம் நான்கு மணிக்கு, என் அம்மா வேலாயியை அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூச்சுத் திணறல். நான் கொழும்புக்குப் பக்கத்தில், வேலை செய்யும் பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருந்தேன். நோர்வூட் தாண்டி, நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள வளைவில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து பஸ் ஒன்றின் விளக்கு வந்தது. கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. அவர் நிறுத்தினார். நிறுத்தியது சரி, இடது பக்கம் பள்ளம். மழையில் இறங்கி, ஸ்வெட்டரைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தார். ஏறிப் பார்த்தார். எதிரே அடுத்த விளக்கு வந்ததும் மறுபடி வெள்ளை. மறுபடி இறங்கினார். இப்படி இருபத்தைந்து நிமிடம். என்னோடு பேசிக்கொண்டிருந்த அவர் போன் ஸ்பீக்கரில் இருந்தது. எனக்கு வைப்பரின் சத்தம் கேட்டது. "பாப்பா, கண்ணாடி தெரியல. கண்ணாடி தெரியலம்மா" என்றார். அம்மா மூச்சு விடும் சத்தமும் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது.

கருமாதிக்கு வந்த கஜேந்திரன் சாப்பிடவில்லை. வாசலில் நின்றே சொன்னார்: "மழை ஒட்டாம இருக்கக் கண்ணாடிக்கு மருந்து இருக்காம், பாப்பா. அதப் போட்டு இவ சரியாகுற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஹயர் ஓட மாட்டேன்."

தோட்டத்தின் மேல் பிரிவில் துஷாந்தின் மனைவி நிஷாந்திக்கு அப்போது எட்டாம் மாதம் முடிகிற நேரம். பிரசவத்துக்கு வேன் வேண்டும் என்று துஷாந்த் இரண்டு தடவை வந்து கேட்டான். இரண்டு தடவையும் அதே பதில்.

நான் விடுமுறையை நீட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன்.

கிழங்கும் புகையிலையும் தோற்றபின் அவர் ஹட்டனுக்குப் போய் மூன்று போத்தல்களோடு வந்தார். வேனின் படியில் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க மருந்து படிச்சவுங்க. இதுல எது நல்லது?"

"மருந்து இல்ல மாமா, பெயின்ட்."

"ரெண்டும் போத்தல்லதான வருது?"

முதலாவது மெழுகு. தெளித்துத் துடைத்தால் போதும். நான்கு மழைக்கு நிற்கும். இரண்டாவது சிலிக்கோன் எண்ணெய். பூசுவது சுலபம், ஆனால் வைப்பர் அதன்மேல் துள்ளும், துள்ளிய இடமெல்லாம் கோடு விழும். மூன்றாவது கண்ணாடியோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும் திரவம். மாதக்கணக்கில் நிற்கும். பூசுமுன் கண்ணாடியில் துளி எண்ணெய்ப் பசைகூட இருக்கக் கூடாது. பூசியபின் பன்னிரண்டு மணி நேரம் ஈரம் படக் கூடாது.

"பன்னெண்டு மணி நேரம் காஞ்ச எடம் இங்க எங்க மாமா இருக்கு?"

"பெக்டரி வெறகுக் கொட்டில்" என்றார் உடனே.

தேயிலையை உலர்த்தும் அடுப்பின் பின்சுவர் அந்தக் கொட்டிலில்தான் இருக்கிறது. தொட்டால் சுடும். காவல்காரர் வீரய்யாவிடம், "இவளுக்குக் காய்ச்சல், ஒரு நாளைக்குச் சூட்டுல வச்சிக்கிறேன்" என்று சொல்லி வேனை உள்ளே விட்டார். நான் ஸ்பிரிட்டால் வெளிப்பக்கத்தை மூன்று தடவை துடைத்துக் கொடுத்தேன். அவர் நெற்றியில் விபூதி பூசுவதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலகலம் விடாமல் மூன்றாவது போத்தலைப் பூசினார்.

மறுநாள் பின்னேரம் மழையில் ஓட்டிப் பார்த்தோம். நான் முன் இருக்கையில். துளிகள் மணிமணியாகத் திரண்டு பக்கவாட்டில் ஓடின. அவர் வைப்பரை நிறுத்தினார்.

"கோழிக்குஞ்சு மாதிரி ஓடுது பாத்தீங்களா!"

அம்மா போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அடுத்த வளைவில் எதிரே ஒரு லொறியின் விளக்கு வந்தது. கண்ணாடி முழுவதும் வெள்ளை. பிரேக்கை மிதித்தார். லொறி எங்கள் வலது பக்கக் கண்ணாடியை மயிரிழையில் விட்டுப் போனது. அவர் வேனை ஓரங்கட்டினார்.

"போத்தலும் பொய்" என்றார்.

நான் கண்ணாடியின் உள்பக்கத்தில் விரலை வைத்து இழுத்தேன். விரல் போன கோட்டின் வழியே மட்டும் ரோடு தெளிவாகத் தெரிந்தது. விரல் நுனியில் பழுப்புப் பசை. முகர்ந்தேன். சந்தனப் பத்தி. இருபத்திரண்டு வருடப் புகை, மூடிய வேனுக்குள். காய்ந்த துணியால் அவ்வப்போது தடவிவிடுவார். அது பசையைப் பரப்பியிருக்கும். எதிர் விளக்கு பட்டால் அந்தப் படலம் முழுவதும் ஒளியைச் சிதறடிக்கும். மழை எதிலும் சம்பந்தப்படவில்லை.

விரலைத் துடைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

சொன்னால், அன்று வளைவில் அவர் துடைத்தது தவறான பக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னதாகும். சொல்லாவிட்டால் நிஷாந்திக்கு வண்டி இல்லை. இரண்டு நாள் போனது. சொல்லி அவரைக் காயப்படுத்த வேண்டும் என்றுகூட ஒரு சமயம் தோன்றியது. அவர் வழியில் என்னைப் பார்த்தால், "நாலாவது போத்தல் கொழும்புல இருக்குமா பாப்பா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மூன்றாம் நாள் பின்னேரம், கொட்டும் மழையில், துஷாந்த் படிக்கட்டில் சறுக்கிக்கொண்டே ஓடிவந்தான்.

"அண்ணே, பனிக்கொடம் ஒடைஞ்சிருச்சிண்ணே!"

அவனுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நிஷாந்தியைத் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். குடை காற்றில் மடங்கியது. கஜேந்திரன் வேனுக்குப் பக்கத்தில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சின்னராசாவக் கூப்புடு."

"ஓட்டோவுல எப்புடிண்ணே படுக்க வைக்கிறது?"

"கண்ணாடி தெரியாதுடா! தெரியாம எப்புடிடா ஓட்டுறது? இன்னொரு உசுர என் வண்டியில விடச் சொல்றியா?"

வீட்டுக்குள் ஓடி ஸ்பிரிட் போத்தலையும் அம்மாவின் பழைய வெள்ளைச் சேலையையும் எடுத்துக்கொண்டு வந்தேன். சேலையை மூன்றாகக் கிழித்தேன்.

"மாமா, உள்ளுக்குத் தொடைங்க."

"உள்ளுக்கா? மழை வெளியிலதான பெய்யுது?"

"தொடைங்க மாமா."

முதல் துண்டு தேயிலைச் சாயம்போலப் பழுப்பானது. இரண்டாவது வெளிறிய மஞ்சள். மூன்றாவது வெள்ளையாகவே திரும்பி வந்தது. கண்ணாடிக்கு அப்பால் மலையும், கீழே போகும் ரோட்டின் மூன்று மடிப்புகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அவர் முதல் துண்டை மூக்கருகே கொண்டுபோனார். மாரியம்மன் படத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"அன்னைக்கு நான் வெளியிலதான தொடைச்சேன்" என்றார்.

"ஆமா மாமா."

பின் இருக்கையில் நிஷாந்தியைப் படுக்க வைத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முனகும் சத்தம் வேனை நிறைத்தது. நான் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினேன். கஜேந்திரன் தலையணையைச் சரிசெய்து உட்கார்ந்தார். கை தானாகப் போய்த் தீப்பெட்டியை எடுத்தது. இரண்டு பத்தி. பற்றவைத்துப் படத்துக்கு மூன்று சுற்று சுற்றினார். புகை நேராக எழுந்து, துடைத்த கண்ணாடியில் முட்டிப் படர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பக்கத்து ஜன்னலை முழுவதுமாக இறக்கி, பத்தி பிடித்த கையை மழைக்குள் நீட்டினார். இரண்டும் அணையும்வரை நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஈரக் குச்சிகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முதல் கியரைப் போட்டார்.