வெர்லின் ஸ்டப்ஸின் வழுக்கும் பிடி

வெர்லின் ஸ்டப்ஸ் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். கிரீஸ் படிந்த கையோடு வாழ்நாளைக் கழித்தவன், ஒரு ஸ்பானரைக்கூடக் கீழே போட்டதில்லை. துப்பாக்கியை மட்டும் போடுவான். அதுவும் வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் தனியாகச் சுடும்போது இல்லை. சனிக்கிழமை துப்பாக்கி சுடும் க்ளப் போட்டியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உள்ளங்கையில் வேர்வை ஊற்றெடுத்து வழுக்கி விழும்.

எங்கள் க்ளப்பில் விதி ஒன்றுதான். துப்பாக்கி கை நழுவினால் அன்றைக்குப் போட்டி முடிந்தது. விழுந்ததை அவனே குனிந்து எடுக்கவும் கூடாது. பின்னால் டைமரோடு நிற்கும் பாதுகாப்பு அதிகாரிதான் எடுத்து, குண்டுகளை இறக்கி, காலி என்று காட்டிக் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு அந்த அதிகாரி நொரீன் ஸ்டப்ஸ். வெர்லினின் மனைவி.

முதல் தடவை விழுந்தபோது நொரீன் கண்கூடச் சிமிட்டவில்லை. எடுத்தாள், இறக்கினாள், கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போ வெர்லின்."

"வண்டிச் சாவி உங்கிட்டதானே இருக்கு?"

"அப்ப வண்டியில போய் உக்காரு."

போட்டி முடியும் வரை பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து, இருவருக்கும் கட்டி எடுத்து வந்த சாண்ட்விச் முழுவதையும் ஒருவனாகவே தின்று தீர்த்தான். அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினான்.

ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன் நான். திங்கட்கிழமை காலை நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வெர்லின் வாசலில் நின்றான்.

"கேல், பிடி வழுக்குது. ஏதாவது குடு."

முதலில் விரல் பதியும் பள்ளங்கள் வைத்த ரப்பர் உறை கொடுத்தேன். யாரோ நீள விரல்காரனுக்குச் செய்த பள்ளங்கள் அவை. வெர்லினின் விரல்கள் மேடுகளின் மேல்தான் உட்கார்ந்தன. போதாததற்கு வேர்வை உள்ளே இறங்கி, உறையே சுழல ஆரம்பித்தது. அதைக் கழற்றிவிட்டு சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினான். பேத்தி சைக்கிள் டயரில் காற்றில்லாமல் அழுததுதான் மிச்சம்.

அடுத்தது சொரசொர டேப். உப்புத்தாள் மாதிரி இருக்கும், பின்னால் பசை. பிடியை அருமையாகப் பிடித்துக்கொண்டது. வம்பு என்னவென்றால், வெர்லின் சட்டைக்குள் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் வெளியே இறங்க மாட்டான். ஒரு மாதத்தில் அவன் சட்டைகள் எல்லாவற்றிலும் வலது பக்கம் ஓட்டை. விலாவில் தோல் உரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தான். தேவாலயத்தில் அவன் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் மெத்தைத் துணி கிழிந்து பஞ்சு வெளியே வந்தது. போதகர் பூனை நுழைந்துவிட்டது என்று சொல்ல, சபையார் எல்லோரும் சேர்ந்து பூனை தேடினார்கள். வெர்லினும் குனிந்து குனிந்து தேடினான். அப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கோலை எடுத்தான். பிளாஸ்டிக் பிடியில் சூடான முனையால் புள்ளி புள்ளியாகச் சுட்டால் சொரசொரப்பு வரும். கை பழகியவர்கள் செய்தால் அழகாக இருக்கும். வெர்லின் சமையலறை மேஜையில் வைத்துச் செய்தான். அம்மை வார்த்த முகம் மாதிரி ஆகிவிட்டது பிடி. வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம், நொரீனின் மேஜை விரிப்பிலும் நாலைந்து புள்ளிகள்.

"இந்த மேஜை விரிப்பும் வழுக்கிச்சா உனக்கு?" என்றாளாம்.

அந்த அம்மைப் பிடியோடு வந்த சனிக்கிழமைதான் இரண்டாவது தடவை விழுந்தது. க்ளப் தலைவர் ட்வெய்ன் ஹாட்ச் பாரபட்சம் பார்க்காத மனிதர்.

"இன்னொரு தடவை விழுந்தா உன் பேரைச் சுடறவங்க பட்டியல்லேருந்து எடுத்துடுவோம் வெர்லின். குறி அட்டையில குண்டு போட்ட ஓட்டைய அடைக்கற வேலைக்கு வேணா வா."

வெர்லினுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. மீன் பிடிக்கப் பொறுமை இல்லை, சீட்டாட்டத்தில் அவன் முகமே காட்டிக் கொடுத்துவிடும். இந்தச் சனிக்கிழமையும் போனால் அவனுக்கு வாரமே இல்லை. எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. பளு தூக்குகிறவர்கள் கை வழுக்காமலிருக்கப் பூசும் சுண்ணாம்புக் குழம்பை என் கணக்கில் கொடுத்தேன்.

செப்டம்பர் போட்டியில் கையெல்லாம் வெள்ளை பூசி, ரொட்டிக்கு மாவு பிசைந்தவன் மாதிரி வந்து நின்றான். அந்த நேரம் பார்த்து, குறியாக நிறுத்தும் இரும்புத் தகடு ஒன்று சாய்ந்து கிடக்க, அதைச் சரிசெய்ய நொரீன் அடுத்த திடலுக்குப் போனாள். டைமரை ட்வெய்ன் வாங்கிக்கொண்டார். வெர்லின் சுட்டான். தகடுகள் வரிசையாக விழுந்தன. துப்பாக்கி கையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நான் ஓடிப்போய் அவன் கையைப் புரட்டிப் பார்த்தேன். பூசிய வெள்ளை அப்படியே காய்ந்திருந்தது.

நொரீன் திரும்பி வந்து டைமரை வாங்கிக்கொண்டாள். என் கண் முன்னாலேயே அந்த உள்ளங்கையில் வெள்ளை கரைந்து வழிய ஆரம்பித்தது.

"டேய், பிடியில ஒண்ணுமே இல்லடா," என்றேன். "உன் பொண்டாட்டி பின்னால வந்து நின்னாத்தான் உனக்கு வேர்க்குது."

"வாயை மூடு கேல்."

காதில் அடைப்பான் மாட்டியிருந்தாலும் நொரீனுக்கு இது மட்டும் கேட்டுவிட்டது. அடைப்பானைக் கழற்றினாள்.

"எனக்குப் பயந்தா வேர்க்குது?"

"பயமெல்லாம் இல்ல."

"பின்ன என்ன?"

வெர்லின் கையை பேண்டில் துடைத்தான். மறுபடி துடைத்தான். "நீ பாத்துக்கிட்டு நிக்கறப்ப நல்லா சுடணும்னு இருக்கு நொரீன். வேற எவன் பாத்தா எனக்கென்ன."

நொரீன் டைமரை ட்வெய்னிடம் நீட்டினாள். "கடைசிச் சுத்துக்கு நீங்களே நில்லுங்க."

"வேண்டாம்," என்றான் வெர்லின். "நீயே நில்லு."

"விழுந்தா பேரு போயிடும். தெரியும்ல?" என்றார் ட்வெய்ன்.

"தெரியும்."

நொரீன் அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். டைமர் ஒலித்தது. வெர்லின் ஒரு குண்டு சுடுவான், பிடியை மாற்றிப் பிடிப்பான், அடுத்ததைச் சுடுவான். ஆமைகூட அதற்குள் இரண்டு தடவை போய் வந்திருக்கும். நடுவில் பிடி சறுக்கியது. இடது கையால் அழுத்திப் பிடித்துவிட்டான். கடைசித் தகட்டுக்குச் சுட்டு, காலி செய்து காட்டி, துப்பாக்கியை இடுப்பு உறைக்குள் தள்ளிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

நொரீன் நேரத்தைச் சத்தமாகப் படித்தாள். அன்றைக்கு அதைவிட மோசமான நேரம் யாருக்கும் இல்லை.

"ரெண்டு தகடு விட்டுட்ட. அதுக்குத் தண்டனை நொடியும் சேத்துத்தான் போடுவேன்," என்றாள்.

"போடு," என்றான் வெர்லின். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து சுட வேண்டியவள் நொரீன். டைமரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அது வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.