எட்டு இன்ச் பெட்டியும் முப்பது மூட்டை நெல்லும்

என் அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் கொடி, ஊர்வலம், போலீஸ் வேன் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். நான் ஒரு சப்வூஃபரில், கனத்த சத்தத்துக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர் பெட்டியில், ஆரம்பிக்கிறேன். அவள் எப்பேர்ப்பட்டவள் என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது அந்தப் பெட்டியை வாங்கிய வருஷத்தில்தான்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் ஊர் மாயவரத்தை அடுத்த குத்தாலத்துக்குப் பக்கத்தில். மிராசுதார் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், கூலிச் சண்டை வந்தபோது சங்கத்தில் சேர்ந்தாள். கல்யாணம் காட்சி என்று எதையும் வைத்துக்கொள்ளாமல் அதிலேயே இருந்துவிட்டாள். நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் எங்களுக்கு நாலு மா கிடைத்தது என்றால், அது அவள் வாய்தா வாய்தாவாக நடந்ததால் கிடைத்தது. ஆட்சி மாறியது, தாசில்தார்கள் மாறினார்கள், அக்கா மட்டும் ஜமாபந்திக்கு ஜமாபந்தி அதே மனுவோடு போய் நின்றாள். அவளுக்கு இருந்த ஒரே கிறுக்கு சினிமா. நடவு முடிந்த கையோடு, காலில் சேறு காய்வதற்குள் டென்ட் கொட்டகைக்கு நடந்துவிடுவாள்.

அறுபத்தைந்து தாண்டியதும் கண் அழுத்தம் வந்து பார்வை போய்விட்டது. தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் தெரியும். ஒரு வாரம் யாரோடும் பேசாமல் கிடந்தாள். எட்டாம் நாள் எழுந்து, அரசாங்கம் கொடுத்த கலர் டிவியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதால் படம் பார்க்க ஆரம்பித்தாள்.

"ஆம்பளையும் பொம்பளையும் ஒரே தொண்டைல பேசுதுங்கடா இதுல. யாரு எங்க நிக்கிறான்னே தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளிடம் மிச்சமிருப்பது காது ஒன்றுதான், அதற்கும் இந்த ஓட்டை டிவிதானா என்று ஆத்திரமாக வந்தது. அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன், ஒலி என்கிற பாடத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கொல்லைப்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை கட்டினேன். அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், சுவரில் பெரிய டிவி என்று திட்டம்.

"ஊருல உள்ளவன் நெல்லு வைக்க எடமில்லாம அல்லாடுறான், இவரு படம் பாக்க ரூம் கட்டுறாரு" என்று என் மனைவி தெருவில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். சொன்ன வாய் முகூர்த்தம், எங்கள் வயலில் குறுவை அறுத்த அன்று மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். காய வைத்து, மறுபடி சாக்கில் பிடித்து, முப்பது மூட்டையையும் என் புது அறையின் பின்சுவர் நெடுக அடுக்கினோம். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நெல் போகிறவரை காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது. தஞ்சாவூரில் ஒரு கடையில் போய் நின்றேன். கடைக்காரர் நல்ல மனுஷன். "கடைல கேட்டு வாங்காதீங்க சார். பன்னெண்டு இன்ச் ஒண்ணு, எட்டு இன்ச் ஒண்ணு, ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி வச்சிக் கேளுங்க. புடிக்காததத் திருப்பிக் குடுங்க" என்றார். எனக்கு அங்கேயே பன்னிரண்டு இன்ச் பெட்டி பிடித்துவிட்டது. இடி இடித்தால் இடி மாதிரி இருக்க வேண்டாமா.

வீட்டில் முதலில் அதைத்தான் போட்டேன். கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி கீழே விழுந்தது. நான் பெருமையோடு அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் இவனே முந்திக்கிட்டுப் பேசுறான். அந்தச் சின்னவனப் போடு."

எட்டு இன்ச் பெட்டியைப் போட்டேன். அதே படம், அதே சண்டை. அக்கா நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டி, "வில்லன் மாடிப்படில எறங்குறான். கால்ல பூட்ஸ் போட்டிருக்கான். அந்தப் பொண்ணு கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு, மூச்சு கேக்குது" என்றாள். திரையைப் பார்த்தேன். அப்படியே இருந்தது. பார்வை உள்ள எனக்கு அந்தப் பூட்ஸ் கண்ணில் பட்டிருக்கவில்லை.

எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "நடவுல குனிஞ்சா நிமிரவா விடுவாங்க? பண்ணைக் காரியஸ்தர் வரப்புல வரத காலாலதான் கண்டுபுடிப்போம். சேத்துல காலு இருக்கும்ல, அவரு நடக்குறது திம் திம்முன்னு வரும். கூலிக் கணக்கு பேசுறத சட்டுனு நிறுத்திட்டு வேற பேச்சு பேசுவோம். ஒரு நாளும் மாட்டுனதில்ல" என்றாள். அதிர்வு என்று நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிய விஷயம், அவளுக்குச் சோற்றுக்கும் உயிருக்கும் ஆகியிருக்கிறது. எனக்கு அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. தொட்டிருந்தால் உதைத்திருப்பாள், சங்கத்துக்காரி. பெரிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் அக்கா அந்த அறையை விட்டு நகரவில்லை. பிறகு கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வந்து, முப்பது மூட்டையும் லாரி ஏறியது. அறையைப் பெருக்கித் துடைத்தேன். இப்போதுதான் தியேட்டர் மாதிரி இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்.

அன்றைக்குப் படம் பாதியில் அக்கா எழுந்துவிட்டாள். தூக்கம் வருகிறது என்றாள். மறுநாள் கால்வலி. அதற்கடுத்த நாள், "இது நல்ல படமில்ல" என்றாள். அது அவள் பத்து தடவைக்கு மேல் பார்த்த படம். "நீ கேட்டுத்தான சின்னத வாங்குனேன். அப்பவே பெருசு வாங்கிருக்கணும்" என்று கத்தினேன். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பவள், ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஒருவேளை காதும் போகிறதோ. மாயவரத்தில் காது டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டேன். "எங் காதுக்கு ஒண்ணுமில்ல, போயி வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தாள். அந்த நாட்களில் அவளுக்கு ஒரு புதுப் பழக்கமும் வந்திருந்தது. விடிந்ததும் கொல்லையில் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். காற்று வாங்குகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் அறைக்கு வந்து நடுவில் நின்றாள். படம் எதுவும் ஓடவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"நெல்லு வாசன இல்ல."

"லாரில போயிட்டுதே அக்கா."

"நெல்லு வாசன அடிச்சப்ப நல்லா கேட்டுச்சுடா. போனதுலேருந்துதான் கொழகொழன்னு கெடக்குது."

என் தலையில் நானே அடித்துக்கொள்ளாத குறை. சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வருகிற கனத்த சத்தத்தை அந்த முப்பது மூட்டையும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மூட்டை போனதும் அறை வெறும் குடமாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லியிருக்கும், எதிரொலி சார் என்று. நான் பெட்டி தேர்ந்தெடுத்தது நெல்லோடு சேர்த்து என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ரைஸ் மில்லுக்கு ஓடி ஆறு மூட்டை உமி வாங்கிவந்து பின்மூலைகளில் நிறுத்தினேன். பாதி சரியானது. மீதி, பெட்டி வைக்கிற இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு வழி படித்திருந்தேன். கேட்கிறவர் உட்காரும் நாற்காலியில் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, கேட்கிறவர் குனிந்து தரையோடு தரையாகச் சுவரோரம் நகர வேண்டும். எங்கே சத்தம் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டிக்கு இடம். முட்டிவலிக்காரனான நான் அதுவரை அந்தப் பக்கமே போகவில்லை.

"என் நாக்காலில அவன உக்கார வச்சிட்டு என்னைக் கீழ எறக்குறியா? இதுக்காடா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே புடவையைத் தூக்கிச் சொருகினாள்.

எழுபதை நெருங்கியவள் இடுப்பை மடித்துக் குனிந்தாள். முன்னால் போகவில்லை. நடவில் போவது போலவே ஒவ்வொரு காலாகப் பின்னால் எடுத்து வைத்தாள். வலது கை தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. அந்தக் கையில் நாற்று இல்லை என்பதுதான் வித்தியாசம். படத்தின் ஒரே காட்சியை நான் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரு சுவர் முடிந்தது, மூலையில் தலையை ஆட்டினாள், அடுத்த சுவர். வாசற்படிக்கு நாலு அடி இருக்கும்போது நின்றாள். போகிற வருகிற காலெல்லாம் இடறுகிற இடம். நான் ஜென்மத்துக்கும் அங்கே வைத்திருக்க மாட்டேன்.

"இங்க."

சொன்னவள் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பதறிப் போய்த் தோளைப் பிடித்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் அடித்துக் கை ஒடிந்தபோதுகூட அழாத என் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"காது போவலடா தம்பி" என்றாள். "அதுவும் போவுதுன்னு நெனச்சிட்டேன். தெனம் விடியக்காலம் கொல்லையில நின்னு ரயிலு சத்தம் கேக்குதா கேக்குதான்னு பாத்துக்கிட்டு கெடந்தேன்."

நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியை அவள் சொன்ன இடத்திலேயே வைத்தேன். இன்றைக்கும் என் கால் கட்டைவிரல் வாரம் ஒரு தடவை அதில் இடித்துக்கொள்கிறது. மறுநாள் விடிந்தபோது நான் முதலில் கொல்லைப்பக்கம்தான் எட்டிப் பார்த்தேன். வேலியோரம் யாரும் இல்லை. உள்ளே அக்கா போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். தூரத்தில் ரயில் வந்தது.

"ரயிலு போவுது பாரு, மணியாச்சு" என்றாள் போர்வைக்குள்ளிருந்தே. "காப்பி போடச் சொல்லு."