அம்மிணியின் காப்பியில் என் கை

என் வேலைக்கு வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் என்று பெயர். குப்பனூரில் என் மாமியார் அதைச் சுருக்கி "ஆயா வேலை" என்று முடித்துவிடுவார். சண்டை போட்டுப் பார்த்துச் சலித்து விட்டுவிட்டேன். சேலத்தில் மூன்று மாதப் பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கி, அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறேன். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்: அவர்களால் முடிந்ததை அவர்களே செய்யட்டும், உங்கள் கை குறுக்கே போகக் கூடாது. தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது. பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதுவதற்கு என்ன, யாரும் எழுதலாம்.

நான் பார்த்துக்கொண்டது மலைமேல் கிளியூரில் ஒரு பெண்மணியை. வயது நாற்பத்தைந்து. பிறவியிலேயே புத்தி கொஞ்சம் நிதானம். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் ஒரு வாளித் துணியை அலசிப் பிழிந்துவிடலாம். ஆனால் வருகிற பதில் சரியாக இருக்கும். நான் அவரை அம்மிணி என்று கூப்பிடுவேன். அவரைவிட ஏழு வயது சின்னவளான என்னை அவர் அக்கா என்பார். திருத்திப் பார்த்தேன்.

"நீங்கதான நொம்ப அதட்டறீங்க. அப்ப அக்காதானுங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் அக்காதான்.

தாய் போன பிறகு அம்மிணிக்குத் துணையாக இருந்தவர் அண்ணன். மலைமேலேயே ஒண்டிக்கடை முக்கில் அவருக்கு ஒரு செருப்புக் கடை. மகன் படிப்புக்காக மனைவியும் மகனும் முன்பே சேலத்துக்குப் போயிருந்தார்கள். இப்போது கடையையும் அங்கேயே மாற்றப் போகிறார். அம்மிணிக்கு சேலத்தில் ஒரு ஹோம் பார்த்து வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், பயந்த மனிதர். இரவில் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் சித்தி ஆறு மணிக்கு எஸ்டேட் வேலைக்குக் கிளம்பிவிடுவார். நான் குப்பனூரில் பஸ் பிடித்து மலையேறி வந்து சேர ஒன்பதரை ஆகும். நடுவில் மூன்றரை மணி நேரம் அம்மிணி தனியாக இருக்க வேண்டும். எல்லாச் சிக்கலும் அந்த மூன்றரை மணி நேரத்தில்தான் இருந்தது.

"அடுப்பப் பத்த வெச்சு ஒரு காப்பி போட்டுக் குடுக்கட்டுங்க. கூட யாரும் ஒத்தாசை பண்ணக் கூடாது. ரெண்டு மாசத்துக்குச் சித்தி காலைல நேரங்கழிச்சு வேலைக்குப் போறன்னாங்க. அப்பறம் நான் வந்து பாத்துட்டு முடிவு பண்றனுங்க" என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் அம்மிணியிடம் கேட்டேன். "ஏனுங்க அம்மிணி, ஹோமுக்குப் போறீங்களா?"

நெடுநேரம் யோசித்தார். "அங்க பேரிக்கா மரம் இருக்குதுங்களா?"

"தெரியலீங்க."

"எங்கூட்டுல இருக்குது. நான் போவ மாட்டனுங்க."

மறுநாளே பாடம் ஆரம்பம். ரோதனை யாருக்கு என்று கேட்டால், எனக்குத்தான். லைட்டரைத் தட்டி அடுப்பு பற்றியதும் அம்மிணி இரண்டடி பின்னால் குதிப்பார். பிறகு பொறுமையாகக் கிட்டே போய்ப் பாலை வைப்பார். பால் பொங்கி வரும்போது அடுப்பை அணைக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார். மேடையெல்லாம் பால்.

"அய்யய்யோ, பொங்குது பாருங்க!" என்று நான் கத்தினால், "பொங்குனா நல்லதுன்னு பொங்கலன்னிக்கு நீங்கதான சொன்னீங்க" என்பார்.

ஒரு மாதத்தில் பால் அடங்கியது. அடங்காதது என் கை. வடிகட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும், என் கை போய்விடும். அம்மிணி அதில் ஒரு தட்டு தட்டி, "கை" என்பார், ஒற்றைச் சொல்லில். கடைசியில் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப் பழகினேன். தினமும் எனக்கு ஒரு காப்பி வரும், இரண்டு கரண்டி சர்க்கரையோடு. ஒரு நாள்கூட அவர் மறந்ததில்லை.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வந்தார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் என் ஸ்டூலில். அம்மிணி புதுச் சேலை கட்டியிருந்தார். அடுப்பு ஒரே தட்டில் பற்றியது. பால் விளிம்புவரை வந்தது, அணைத்தார். டிகாஷன் ஊற்றினார், ஒரு ஆற்று ஆற்றினார். எனக்கு நெஞ்சு பூரித்துப்போயிற்று. அந்தப் பூரிப்பிலேயே ஒன்றைக் கவனித்தேன். சர்க்கரை டப்பாவை அவர் தொடவே இல்லை.

போச்சு, பயத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அண்ணனுக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட அம்மிணி கூடத்துக்குப் போனார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த நேரம், அது போதுமாக இருந்தது. இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கி, ஈரக் கரண்டியை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன்.

அம்மிணி டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணன் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"சக்கரை போட்டிருக்குதே, சாமி. எனக்குச் சுகர் வந்திருக்குது, சக்கரையே தொடக் கூடாதுன்னு போன தடவ ராத்திரி வந்தப்ப உங்கிட்ட அத்தனை சொன்னனே."

டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பாத்தீங்களா? சொன்னது நெனப்புல நிக்கலீங்க. நாளைக்கு மாத்திரையில இப்படி ஆச்சுன்னா யாரு பாக்கறது? நான் ஹோமுக்கே போன் பண்ணிடறனுங்க."

அம்மிணி டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முந்தானை நனைந்திருந்ததைப் பார்த்தார். டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. என் சான்றிதழ் நினைவுக்கு வந்தது, வேலை நினைவுக்கு வந்தது, மாமியாரின் சிரிப்புகூட நினைவுக்கு வந்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தோன்றிய பிறகுதான் எழுந்தேன்.

"அம்மிணி போடலீங்க. மறந்துட்டாங்கன்னு நெனச்சு நான்தானுங்க போட்டேன். உங்களுக்குச் சுகருன்னு எனக்குத் தெரியாதுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது." முந்தானையிலிருந்து கரண்டியை எடுத்துக் காட்டினேன்.

அண்ணன் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இந்த வேலைக்குப் படிச்சுட்டு வந்தவங்க நீங்கதானுங்களே?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு தங்கையைக் கேட்டார்: "நீ ஏஞ்சாமி சொல்லல?"

அம்மிணி வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"சொன்னா அக்காவ வேலைய உட்டு நிறுத்திருவீங்க."

அம்மிணி டம்ளரை எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவினார். மறுபடியும் பால் வைத்தார். இந்த முறை அண்ணனே எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். நான் கூடத்தின் அந்தக் கோடியில், எதற்கும் எட்டாத தூரத்தில் நின்றேன். காப்பியை அண்ணன் நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஹோம் வேண்டாம். தெனமும் ஏழு மணிக்கு நான் போன் பண்ணுவேன், எடுத்துப் பேசோணும். செரியா, கண்ணு?"

"செரி" என்றார் அம்மிணி, யோசிக்காமல்.

நான் பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமா சந்தோஷமா என்று கேட்டால், இரண்டும்தான், வாய்விட்டே அழுதேன். அண்ணனை வழியனுப்பிவிட்டு அம்மிணி வந்து என் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"அழுவாதீங்க அக்கா. உங்களையும் ஹோமுக்கு அனுப்ப மாட்டோம்."