கப்பல் விளையாட்டின் கருஞ்சிவப்புத் தாள்

கருஞ்சிவப்புத் தாளில் கறுப்பு எழுத்து. ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் சொற்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தட்டுப்படும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்கோடியில் இருந்த என் வகுப்புத் தோழன் சாமுவேலின் வீட்டுக்கு, துபாயிலிருந்து அவன் மாமா அனுப்பிய கம்ப்யூட்டரோடு கப்பல் வணிக விளையாட்டு ஒன்றும் வந்திருந்தது. மூன்று பிளாப்பிகள், ஒரு கையேடு, கையேட்டின் நடுவில் பின் அடித்த அந்தத் தாள். விளையாட்டைத் தொடங்கும்போதெல்லாம் இத்தனையாவது வரியில் இத்தனையாவது சொல் என்ன என்று திரை கேட்கும். மூன்று முறை தப்பாகச் சொன்னால் மூடிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கியவனிடம்தானே தாள் இருக்கும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு.

தாளைப் பார்த்துச் சொல் எடுத்துக் கொடுப்பது சாமுவின் அக்கா கிரேஸின் வேலை. எங்களைவிட இரண்டு வயது மூத்தவள். 'சண்டே ஸ்கூல்' போட்டிகளில் அதிகாரமும் வசனமும் சொன்ன மாத்திரத்தில் வேதாகமத்தைப் புரட்டி விரலை வைத்துப் பரிசு வாங்கி வருபவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்! நாங்கள் கத்தி முடிப்பதற்குள் சொல் வந்துவிடும். எங்கள் துறைமுகத்துக்குக் கொற்கை என்று பெயர் வைத்ததும் அவள்தான். கையேடு அவள் பொறுப்பில்தான் இருக்கும். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வாள்.

வண்ணார்பேட்டையில் என் சித்தப்பா நடத்திய டைப்பிங் சென்டருக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு ஆசை முளைத்தது. கேட்டவுடன் பிளாப்பிகளைச் சாமுவே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டான். அக்கா ஒரு 'ரஃப் நோட்டை' நீட்டி, "இங்கன உக்காந்து பைய எழுதிக்கோ" என்றாள். மொத்தமே நூற்றுச் சொச்சம் சொற்கள்தான். இரண்டு வரி எழுதினேன், கை வலித்தது. அவள் உள்ளே போன நேரம் பார்த்துப் பின்னை நெம்பித் தாளை உருவிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். நகல் எடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மார்க்கெட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மூன்று முறை போட்டும் கறுப்பாகவே வந்தது. கடை அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, இது எத்தன தடவ போட்டாலும் இப்படித்தாம்ல வரும். திருடுதவன் நகல் எடுக்கக் கூடாதுன்னே இந்தக் கலர்ல அடிச்சிருக்கான்."

அப்போதாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து மறைப்பதற்கு என்ன இருக்கிறது: எனக்கு அது வேண்டும் என்பது பாதி, அவர்கள் வீட்டில் எல்லாம் இருக்கிறதே, இது ஒன்றாவது இல்லாமல் போகட்டுமே என்ற பொச்சரிப்பு மீதி. பாடப்புத்தகத்தின் பழுப்பு அட்டைக்குள் தாளை ஒளித்துவைத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சாமு வீட்டில் பெரிய ரகளை. முந்தின வாரம்தான் கம்ப்யூட்டரில் யார் உட்காருவது என்று அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை நடந்திருந்தது. அந்தக் கோபத்தில் அவள்தான் கிழித்துவிட்டாள் என்று சாமு அடித்துச் சொன்னான். அவர்கள் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். தெருவே அவரை 'சார்' என்றுதான் கூப்பிடும். கை நீட்டுகிற மனிதர் இல்லை, ஆனால் பொய்யை மட்டும் பொறுக்கமாட்டார். "நான் எடுக்கலப்பா" என்று அக்கா மூன்று முறை சொன்னாள். "எடுத்தது கூடப் பெருசில்ல பிள்ளே, இப்ப பொய்யும் சொல்லுத பாரு" என்றார் அவர்.

அந்த வீட்டில் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அந்நேரம் யார் வந்திருந்தாலும் பாயில் உட்கார வேண்டியதுதான். நானும் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். அன்று சார் அக்காவை நடுவில் முழங்காலிடச் சொன்னார். "ஆண்டவரே, என் மகள் செய்த தப்பிதத்தை மன்னியும். இனி பொய் பேசாதபடி அவள் நாவைக் காத்தருளும்" என்று கண் கலங்க ஜெபித்தார். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன். சாமி வேறாக இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். முடிந்ததும் சாமுவின் அம்மா எனக்கும் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே என்று என் அம்மா ஓயாமல் சொல்லுவாள்; நான் இரண்டகம் செய்துவிட்டு உட்கார்ந்து குடித்தேன்.

அதன்பிறகு கிரேஸ் அக்கா கம்ப்யூட்டர் அறைப்பக்கம் வரவில்லை. டைப்பிங் சென்டரில் எனக்கு அந்த விளையாட்டு இரண்டே வாரத்தில் சலித்துவிட்டது. தாள் அந்த வருடப் பாடப்புத்தகங்களோடு பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று.

சார் காலமாகிப் பூட்டிக் கிடந்த வீட்டைப் போன மாதம் விற்றார்கள். சாமான்களை ஒழித்தபோது கிடைத்த பிளாப்பிகளைச் சாமு நேரே என்னிடம் கொண்டுவந்தான். "ஏலே, நீ கம்ப்யூட்டர் ஆளுல்லா, இத ஓட வச்சிக் குடு. எம் பையங்கிட்டக் காட்டணும்." இன்றைய விண்டோஸ் அதை ஏறெடுத்தும் பார்க்காது. பிளாப்பி படிக்கும் கருவியை வரவழைத்து, பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருளை ஏற்றி, கப்பல்கள் தலைதெறிக்க ஓடாதபடி வேகத்தைக் குறைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாடுபட்டு எழுப்பினேன். எழுந்ததும் அது ஏழாவது வரி, மூன்றாவது சொல் என்ன என்று கேட்டது.

சாமுவிடம் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. நானோ இணையத்தில் தேடினேன். அந்தக் கேள்வியையே தாண்டிப் போகும்படி யாரோ செய்துவைத்திருந்த குட்டிக் கோப்பு கிடைத்தது. போட்டவுடன் நேரே கடல் வந்துவிட்டது. 'அப்பாடா' என்றிருந்தது, அப்படி இருந்ததற்காகவும் இப்போது வெட்கப்படுகிறேன்.

சாமுவுக்குத் தலைகால் புரியவில்லை. "தாள் இல்லாமயே ஓடுதே! அக்காவுக்கும் அனுப்பிவிடுலே, பாவம், அதுக்காக என்ன ஏச்சு வாங்குனா." வீட்டைப் போய்ப் பார்த்தேன், வாங்கியவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். ஜெபம் நடந்த அறை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடப் பிடிபடவில்லை. அங்கே நின்றபடியே, களக்காட்டில் டீச்சராக இருக்கும் கிரேஸ் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபமாகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்பா இருக்கும்போது சொல்லிருக்கலாம்லா தம்பி" என்றாள். "கடைசியா ஆஸ்பத்திரியில எங்கையப் பிடிச்சிக்கிட்டு, அன்னைக்கு நீ பொய் சொன்னத அப்பவே மன்னிச்சிட்டேன், மனசுல வச்சிக்கிடாதன்னு சொன்னாங்க. இல்லன்னு சொல்லவா முடியும்? நானும் சரிப்பான்னுட்டேன்."