அல்சேஷனுக்குக் காரில் இடம்

எங்கள் அடையாறு வீட்டுக்கு அந்த அல்சேஷன் நாய்க்குட்டி வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். குட்டி என்று பேர்தான். ஏழு மாதத்தில் கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்து நின்றது. என் வீட்டுக்காரருக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. புடவை எடுக்க வருகிறவர்களிடம் நாள் முழுக்கக் குழைந்துவிட்டு வருகிற மனுஷருக்கு, வீட்டில் ஒன்று உறுமுவதைக் கேட்கக் கொள்ளை ஆசை. பால்காரரைப் பார்த்து உறுமினால், "பார்த்தியா ரோஷத்தை" என்பார். என் தம்பியின் வேட்டியைக் கிழித்தால், "விளையாடுது." என் கையிலேயே பல் பட்டபோது, "நீ பயந்தா அதுக்குத் தெரிஞ்சிடும்." அதாவது, தப்பு என்னுடையது. அதட்ட வேண்டிய வயதில் அதைத் தட்டிக்கொடுத்தே வளர்த்தார்.

வீட்டுவேலைக்கு ஆற்றோரக் குடிசைகளிலிருந்து ஒருத்தி வருவாள். ஒருநாள் காலை நாய் கட்டிலுக்கடியில் அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு படுத்திருந்தது. "அது மூஞ்சியே சரியில்லம்மா, அப்பால பெருக்குறேன்" என்றாள். "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது, பெருக்கு" என்றது நான்தான். துடைப்பம் உள்ளே போனதும் ஒரே பாய்ச்சல். கெண்டைக்காலில் நான்கு பல் இறங்கிவிட்டது. ஓடிவந்த என் வீட்டுக்காரர் முதலில் நாயின் வாயைத்தான் திறந்து பார்த்தார்.

தெருமுனை டாக்டர் காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டார். "நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. நல்லா இருந்தா ஊசி வேண்டாம். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உடனே தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போட்டாகணும். இல்லேன்னா இவ உயிருக்கே ஆபத்து" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு இது போதாதா? நாய்க்கு முட்டை, பால், ஈரல் என்று தடபுடலாயிற்று. "எல்லாம் அவளுக்காகத்தானே" என்றார், கொஞ்சம்கூடக் கூசாமல். கடிபட்டவளுக்கு நான் கொடுத்தது வழக்கமான பழையதும் ஊறுகாயும்தான். அவள் தினமும் நொண்டிக்கொண்டு வந்து, துடைப்பத்தைத் தொடும் முன்னால், சங்கிலிக்கு எட்டாத தூரத்தில் நின்று அதைப் பார்ப்பாள். "இன்னா நைனா, நல்லா கீறியா? நல்லாயிரு. எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது" என்பாள்.

ஏழாம் நாள் நாய் முட்டையைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. கடையையும் மறந்து, அதைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் ஏற்றினார். அவள் கேட்டருகே வந்து நின்றாள்.

"ஐயா, மாட்டாஸ்பத்திரிக்குப் போற வழியிலதான பெரியாஸ்பத்திரி கீது. முன்னால குந்திக்கினு வர்றேன். அங்க எறக்கி வுட்டுடுங்க."

"உன்னைப் பார்த்தா அது மறுபடி மிரளும். நீ பஸ்ஸில போயிக்கோ" என்றார்.

கார் போயிற்று. நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவள் காலை இழுத்தபடி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

நாய்க்கு அஜீரணமாம். ஈரல் அதிகமாகிவிட்டதாம். சாயங்காலத்துக்குள் பழையபடி உறும ஆரம்பித்துவிட்டது. மறுநாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணுமில்லையாம், வெறும் அஜீரணம்தானாம்" என்றேன்.

"இருக்கட்டும்மா. உங்க நாய நம்பி நான் குந்திக்கினு இருக்க முடியாது. மொத ஊசி போட்டாச்சு. இன்னும் பதிமூணு கீது. தெனம் காத்தால வரச் சொல்லிக்கீறாங்க."

வலிக்கிறதா என்று கேட்டிருக்கலாம். உட்காரச் சொல்லி ஒரு வாய் காபி கொடுத்திருக்கலாம். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே ரெண்டு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. நான் கேட்டது இதுதான்:

"தினம் காலையிலயா? அப்போ பாத்திரம்?"

அவள் கோபப்படவில்லை. வராந்தாவில் கட்டியிருந்த நாயைக் கையால் காட்டினாள்.

"அதுகிட்ட சொல்லும்மா, தேய்க்கும்" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.