வெள்ளியங்கிரியின் கை

வெள்ளியங்கிரி நட்ட குச்சி பட்டுப்போனதாகச் சரித்திரமே கிடையாது. மில் முதலாளி பங்களாவின் வாசல் வளைவை மூடிய ரங்கூன் மல்லியும், மோட்டார் கொட்டகைமேல் ஏறிய முல்லையும் அவன் கையில் ஒரு சாண் குச்சியாக இருந்தவைதான்.

"தலைகீழா நட்டாலும் இவன் கைக்குத் துளுக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார் எஜமானி வெங்கடம்மாள்.

அந்தக் கைதான் அவனைக் கட்டிப்போட்டிருந்தது. காரமடையில் மாமனார் கிணற்றுப் பூமியை அவனுக்கென்று வைத்திருந்தார். ஐம்பத்தேழாம் வருஷத்து ஆடி பிறப்பதற்குள் வராவிட்டால் சின்ன மருமகனுக்கு என்று சொல்லியனுப்பிவிட்டார். சொல்லாமல் போகவும் வழியில்லை. தம்பிக்கு அதே முதலாளியின் மில்லில் வேலை. எஜமானி முகம் கோணினால் தம்பியின் கதி அதோகதி.

வைகாசியில் மறுபடியும் கேட்டான். "ஏனுங்க அம்மிணி, ஊருக்குப் போறதைப் பத்தி..."

"போலாம் போலாம். ஊட்டியில இருந்து வெள்ளைக் காகிதப்பூக் குச்சி வந்திருக்குது. இத மட்டும் புடிக்க வெச்சுப்போட்டுப் போ."

முல்லைக்கும் இதையேதான் சொன்னார். ஆயிற்று மூன்று வருஷம்.

"உங்க கைய ஒரு முழம் நறுக்கி அங்கயே நட்டுப்போட்டு வாங்க. அவிங்களுக்கு அதுதான வேணும்" என்றாள் அவன் மனைவி பாவாத்தாள்.

அந்தப் பேச்சில்தான் அவனுக்கு யோசனை பிறந்தது. கைராசி போய்விட்டால் விட்டுவிடுவார்கள் அல்லவா? பன்னிரண்டு குச்சிகளையும் தலைகீழாகவே நட்டான். மண்ணுக்குள் போகவேண்டிய சாய்வு வெட்டு மேலே தெரிந்தது; அது கண்ணில் படாமல் சாணியை அப்பினான்.

ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

"என்னப்பா இது?"

"ராசி போயிருச்சாட்டம் இருக்குதுங்க அம்மிணி."

"ஆனி முடியட்டும். ஒண்ணுகூட வரலீன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

பாவாத்தாள் அன்றைக்கே பாத்திரங்களை மூட்டை கட்டினாள்.

ஆனி கடைசி வாரம். பன்னிரண்டாவது குச்சியில் அரிசியளவு ஒரு துளிர். மண்ணைப் பார்த்துக் கிளம்பி, கழுத்தைத் திருப்பி மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கிள்ளு போதும். நகத்தை வைத்தான். கை கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கை தானாகத் தென்னோலை ஒடித்து அதற்கு நிழல் கட்டி, தண்ணீர் தெளித்தது.

பின்னால் செருப்புச் சத்தம்.

"நான் சொன்னேனா இல்லையா" என்று குனிந்து பார்த்தார் வெங்கடம்மாள். "இது பந்தல் ஏறட்டும் வெள்ளியங்கிரி. அப்பறம் பாக்கலாம்."

"சரிங்க அம்மிணி."

வீட்டு வாசலில் அவன் முகத்தைப் பார்த்ததுமே பாவாத்தாள் மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள். மண் ஒட்டிய அவன் கையை மட்டும் ஒருதரம் பார்த்தாள்.