வேலிக்கு அந்தப் பக்கத்துச் சக்கை

எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டுவிழாவில் பெரிய சக்கைக்கு, அதாவது பலாப்பழத்துக்கு, பரிசு உண்டு. பரிசு ஒரு எவர்சில்வர் வாளிதான். ஆனால் ஜெயித்தவர் சக்கையைத் தம் கையால் பிளந்து ஊருக்குச் சுளை கொடுப்பார். ஐந்து வருடம் நான் கை நீட்டி வாங்கியிருக்கிறேன். ஒரு வருடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

இந்த முறை எங்கள் பிலாவில் பிஞ்சுகளை எல்லாம் வெட்டிவிட்டு, அடிமரத்தில் ஒன்றை மட்டும் வைத்தேன். ‘விட்ட காய்: ஒன்று’ என்று நாட்குறிப்பில் எழுதினேன். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு நூல் சுற்றி அளந்தேன். ஏழு வாரம் பருத்தது. எட்டாவது வாரத்திலிருந்து நூல் நீளவே இல்லை. சாணமும் தண்ணீரும் குறித்தபடியேதான் கொடுத்தேன். நூலில் பிழையோ என்று வேறு நூலால் அளந்தேன். அதே அளவு.

விழாவன்று என் சக்கை பதினெட்டு கிலோ. அதற்குமேல் எதுவும் வரவில்லை. கடைசியாகப் பக்கத்துத் தென்னை விளைக்கார அக்கா ஆட்டோவில் வந்தார். இரண்டு பேர் இறக்கினார்கள். முப்பத்தொரு கிலோ. முள்ளெல்லாம் செம்மண்.

“சொந்த மரத்துல காய்ச்சிருக்கணும் அக்கா. ஒங்களுக்க விளையில பிலாவே இல்லியே,” என்றார் செயலாளர்.

“தெங்குல காய்ச்சிருக்கும்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

“சிரிங்கலே, சிரிங்க. வேலியோரம் மண்ணு வெடிச்சுக் கெடந்துது. தோண்டுனா பிஞ்சு. ஓலையப் போட்டு மூடி வச்சேன். நான் களவெடுக்கவா செய்தேன்?” என்று கேட்டார் அக்கா.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிலா வேரிலும் காய்க்கும். என் மரத்தின் வேர் வேலியைத் தாண்டிப் போயிருக்கிறது. நான் போட்ட சாணமும் அங்கேதான் போயிருக்கிறது.

புரிந்ததும் குழப்பம் கூடியது. பேசாமல் இருந்தால் அக்காவின் சக்கையைத் தள்ளிவிடுவார்கள், பரிசு எனக்கு. பேசினால் அது என் மரத்துச் சக்கை, அப்போதும் பரிசு எனக்கு. இரண்டும் சரியாகப் படவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

“அப்ப ரெண்டும் ஒங்களுக்கதுதானே அண்ணே,” என்று செயலாளர் எண்ணெய் தடவிய வெட்டுகத்தியை என் கையில் தந்தார்.

சக்கை முன்னால் குனிந்தேன். ஒரு நாள்கூட நான் பார்த்திராத சக்கை அது. எங்கே வெட்டுவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“தம்பி, அங்கன வெட்டாத. அந்தப் பக்கம் கல்லுல அமுங்கிக் கெடந்துது. சுளை இருக்காது,” என்றார் அக்கா.

கத்தியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். செயலாளர் விதிப் புத்தகத்தைத் தேடினார். அதற்குள் அக்கா ஒரே வெட்டில் பிளந்து முதல் சுளையை என்னிடம் நீட்டினார்.

“இந்தா, தின்னு. ஒனக்க சாணமாக்கும் இது.”

ஆறாவது வருடமும் கை நீட்டி வாங்கினேன். நல்ல இனிப்பு. ‘விட்ட காய்: ஒன்று’ என்ற குறிப்பை இரண்டு என்று திருத்த வேண்டுமா என்பது இன்னும் தெரியவில்லை. நான் விட்டது ஒன்றுதான்.